இரண்டும் தெளிவாகத்தான் இருந்தன

ஜனவரி கடைசி வாரம். மொராவியா.
நிலவறைச் சுவரெங்கும் கரும்பூஞ்சை,
தொட்டால் பூனை முதுகு.
எட்டு டிகிரி.
எங்கள் மூச்சு எங்களுக்கே தெரிகிறது.

மேசையில் இரண்டு ஜாடிகள்.

ஒன்று என்னுடையது, ரீஸ்லிங்.
ஸ்டார்லிங் பறவைகள் தோட்டத்தில் வந்திறங்கிய வாரம்
பயந்துபோய்ப் பத்து நாள் முன்னதாகவே பறித்துவிட்டேன்.
அந்தப் பத்து நாளும் அதில் இல்லை.
ஒரு மிடறில் கடைவாய்ப் பல்வரை கூசும்,
ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும்.

மற்றது ஹினெக்கினுடையது, ம்யூல்லர்.
எதையும் தாமதமாகச் செய்கிறவன் ஹினெக்.
கல்யாணத்துக்கு என்னைக் கேட்டதே ஐம்பத்தொன்பதில்.
அவன் திராட்சையும் அப்படித்தான்
கொடியிலேயே கிடந்து இனித்துக் களைத்தது.
இப்போது நாக்கில் விழுந்ததும் உட்கார்ந்துவிடுகிறது,
எழுந்திரு என்றால் எழுந்திருக்காது.

முப்பது வருஷம் மருந்துக்கடையில் நின்றவள் நான்.
கண்ணளவை நம்புவதில்லை.
ஊசி கழற்றிய சிரிஞ்சு, அளவுக்குழல்,
கோடு போட்ட நோட்டு, பென்சில்.
"சூப்புக் கரண்டி போதாதா, ஸ்டாஸ்யா?" என்கிறான்.
பதில் சொல்லவில்லை.

எழுபதுக்கு முப்பது:
ஒரே மேசையில் முகம் திருப்பி உட்கார்ந்த இருவர்.
அறுபதுக்கு நாற்பது:
"பரவாயில்லை" என்றான். அவன் அகராதியில் அது வசவு.
ஐம்பதுக்கு ஐம்பது:
சண்டை ஓய்ந்தது. கூடவே வாசனையும்.
நாற்பதுக்கு அறுபது என்ன ஆனது என்று
நோட்டில் இல்லை. அப்போது பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி
தின்றுகொண்டிருந்தோம்.

பிறகு, என்னுடையது முப்பத்தைந்து, அவனுடையது அறுபத்தைந்து.

ஹினெக் மெல்லுவதை நிறுத்தினான்.
மழை நனைத்த சுண்ணாம்புக் கல்,
அதன்மேல் யாரோ அப்போதுதான் நறுக்கிய
பச்சை ஆப்பிள்.
விழுங்கிய பின்னும் போகாமல்
வாசலில் நின்று பேசும் விருந்தாளிபோல் அந்தச் சுவை.
நோட்டில் எழுதினேன்: "இது."
வேறு சொல் வரவில்லை.

ஆசை யாரை விட்டது.
அந்த இரவே ஐம்பது லிட்டர் கலந்தோம்.
குழாயை அவன் உறிஞ்ச, வாளியை நான் பிடிக்க,
படியேறி வீடு வரும்போது
பனியில் இருவருக்கும் ஒரே டார்ச்.

காலையில் போய்ப் பார்த்தால்
பால் கழுவிய தண்ணீர்.

தனியே இருந்தபோது
ஜாடிக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்து
மரண அறிவிப்பு வாசிக்கலாம், அவ்வளவு தெளிவு,
என்னுடையதும் அவனுடையதும்.
இப்போது பின்னால் வைத்த என் கையே தெரியவில்லை.
"உன் அவசரம்" என்றான்.
"உன் சோம்பல்" என்றேன்.
ஜாடி கேட்டுக்கொண்டிருந்தது.

புத்தகம் சொன்னது:
ஒன்றில் புளிப்பின் உப்பு,
மற்றதில் கண்ணுக்குத் தெரியாத புரதம்.
அவரவர் பாத்திரத்தில் அடங்கிக் கிடந்தவை
சேர்ந்ததும் வெளியே வரும்.
தெளிய வைக்கக் களிமண் கரைத்து ஊற்ற வேண்டுமாம்.
களிமண்ணா! எனக்குச் சிரிப்பு வந்தது,
அவனுக்கு வரவில்லை.
ஆனாலும் கரைத்தவன் அவன்தான்,
முழங்கைவரை சாம்பல் சேறோடு,
கட்டி தட்டாமல், அரை மணி நேரம்.
பிறகு நிலவறைக் கதவை அகலத் திறந்தோம்.
பனி உள்ளே வந்து தன் வேலையைப் பார்த்தது.

மார்ச்சில் அடியில் இரண்டு விரல் மண்டி.
மேலே எடுத்தது நாற்பத்து மூன்று லிட்டர்.
ஜன்னலோரம் தூக்கிப் பார்த்தோம்:
கண்ணாடிக்கு அப்பால் எதிர்வீட்டு நாய்,
அதன் மீசைகூடத் தெரிந்தது.

குடித்தேன்.
கல் இருந்தது. ஆப்பிள் எங்கோ ஒதுங்கிவிட்டது.
அதன் இடத்தில் வேறு ஏதோ, வைக்கோலா, பேரிக்காய்த் தோலா,
பெயர் தெரியவில்லை.
"இது" என்று எழுதிய வரிக்குக் கீழே
"அது இல்லை" என்று எழுதி மூடிவைத்தேன்.

மறுநாள் நோட்டைத் திறந்தால்
ஒருபோதும் பென்சில் தொடாத ஹினெக்கின் கையெழுத்து,
கோட்டை மீறிச் சாய்ந்து:
"யார் கேட்டது அதை?
இரண்டு கிளாஸ் ஆயிற்று.
மூன்றாவதுக்கு உனக்காகக் காத்திருக்கிறேன், கீழே."