கை எடுக்காமல்

பகலில் நான் படிப்பது
டாக்டர்களின் கிறுக்கல்.
ஐந்தா, ஐம்பதா என்று
மருந்துச் சீட்டை விளக்கடியில்
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
கடைசியில் போன் செய்வேன்.
"ஐந்துதான் நீவெஸ், கண்ணாடியை மாற்று."

அதனால் இரவில்,
யாரும் பேசாத என் மொழிக்கு
எழுத்து செய்தேன்.
விதி ஒன்றே ஒன்று:
எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது,
நடுங்கும் கையிலும், நனைந்த தாளிலும்,
துறைமுகம் போகும் பஸ்ஸின் குலுக்கலிலும்.

உதடு குவியும் ஒலிக்கெல்லாம் வட்டம் வைத்தேன்.
வட்டங்கள் பெருகிப் பக்கமே
சோப்பு நுரையானது. அழித்தேன்.
மூக்கொலிக்குக் கொக்கி.
ரகரத்துக்கு மட்டும் பதினொரு வடிவம்,
ஒன்றும் உருளவில்லை.
கண்டதைச் சொல்லும் வினைக்கு ஒரு வால்.
கேள்விப்பட்டதற்கு வேறு வால்.
கனவில் கண்டதென்றால் வாலே கிடையாது.
அது மட்டும் எப்படியோ
முதல் நாளே தெரிந்திருந்தது.

மார்ச்சில் எஜீதியோ பார்த்துவிட்டான்,
ஸ்கூட்டரில் மருந்து கொண்டுபோகிறவன்.
இடக்கைக்காரன்.
எழுதிப் பார்த்ததில் என் எழுத்தெல்லாம்
அவன் உள்ளங்கை ஓரத்தில் நீலமாய் அப்பிக்கொண்டது.
"உன் நாட்டில் எனக்கு இடமில்லை போல."
அன்றிரவே முப்பத்தோரு எழுத்தையும்
வலமிருந்து இடமாகத் திருப்பினேன்.
இப்போது என் கைதான் அழுக்கு.

கற்றுக்கொண்டான்.
கல்லாப்பெட்டி மேல் சீட்டு வைக்கத் தொடங்கினான்:
கோசுலிச் அம்மாள் கதவு திறக்கவில்லை.
இருமல் மருந்து தீர்ந்தது.
பூனைக்கும் மாத்திரை கேட்கிறார்கள்.
வரிக்கு நாலு பிழை.
சிவப்புப் பேனாவை எடுப்பேன்,
மூடியைக் கழற்றாமலே வைத்துவிடுவேன்.
எனக்கு இந்த மொழியில் பிழையே வந்ததில்லை,
நான் எழுதியதெல்லாம் விதி.

நேற்று அவனுக்கு அவசரம்.
கை எடுக்காமல் இழுத்திருக்கிறான்.
கொக்கியும் வாலும் ஒட்டிக்கொண்டு
நான் வரையாத ஓர் எழுத்து
சீட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தது.
ஒரு விதமாகப் படித்தால்:
ஆறு மணிக்கு மழையாம்.
இன்னொரு விதமாக:
ஆறு மணிக்கு வருகிறேன்.

விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
போன் செய்யவில்லை.

போரா காற்று அடிக்கும் த்ரியெஸ்தேயில்
குடை எடுப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.
தெருமுனைக் குப்பைத்தொட்டி நிறைய
கம்பி ஒடிந்த குடைகள்.

ஆறு அடிக்கச் சில நிமிடம் இருக்க,
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
குடையோடு வாசலில் போய் நின்றேன்.