நகராத புள்ளி

கொசஸ்தலை கடலில் சேரும் இடத்தில்
சாம்பல் படிந்த நாணல் நுனியில்
உட்கார்ந்திருக்கிறது நாற்பத்தொன்று.
பெண் தட்டான்.
பின்சிறகில் வெள்ளைப் பொட்டு நான் வைத்தது.

இரை என்று நான் கொடுப்பது
வண்ணாரப்பேட்டையில் பாக்கெட் பத்து ரூபாய்க்கு வாங்கிய
பாசிமணி.
காசிமேட்டுத் தூண்டில் நரம்பில் கோத்து
இரண்டு கழிகளுக்கு நடுவே மோட்டாரில் இழுக்கிறேன்.
கேமரா நொடிக்கு ஆயிரம் முறை விழிக்கிறது.

இந்த மாதம் இருபத்தாறு பாய்ச்சல்,
இருபத்தைந்து பிடி.
தவறிய ஒன்று,
மோட்டார் சிக்கி மணி நடுவானில் நின்றபோது.
மணி வந்திருக்க வேண்டிய இடத்தில்
அது சரியாக இருந்தது.

கடித்துப் பார்க்கிறது, துப்புகிறது,
நாணலுக்குத் திரும்பி
மறுபடி வானத்தைப் பார்க்கிறது.
ஆயிரமாயிரம் சில்லுகள் சேர்ந்த கண்ணில்
உச்சிப் பக்கம்தான் கூர்மை.

துரத்துவது நாய்.
தட்டான் துரத்துவதில்லை.
இரையைக் கண்ணின் ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டு பறக்கிறது.
நாணல், பாலம், புகைபோக்கி எல்லாம்
வழிந்து ஓடட்டும்,
அந்தப் புள்ளி மட்டும் நகரக் கூடாது.

தட்டானின் தலையிலிருந்து தெரிவதுபோல் படத்தை மாற்றி
மடிக்கணினியில் ஓட்டினேன்.
படகுக்காரர் தேசப்பன்
வலையை உதறுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.
"இன்னா மேடம், மணி அங்கியேதான கீது?"
அங்கேயேதான் இருந்தது,
பெரிதாகிக்கொண்டே.

"அட, நைட்டு கடல்லயும் இதான்.
கப்பல் லைட்டு முன்னால போச்சா, பின்னால போச்சா,
கவலையே இல்ல.
ஒரே எடத்துல நிக்குதுன்னு வை,
நம்ம மேலதான் வருது.
கயித்த அறுத்துனு ஓடணும்."

இதற்கு மூன்று சமன்பாடுகள் எழுதியிருந்தேன்.
முடிவுரைக்குக் கீழே பென்சிலால்
அவர் பெயரைக் குறித்துக்கொண்டேன்,
எழுத்துக் கூட்டல் கேட்டு.

வீடு மாத்தூரில், மூன்றாவது மாடி.
பேருந்தில் வந்து சேர எட்டு மணி.
நரம்பு கிழித்த விரல் எரிய
அரிசி களைந்தேன்.
சமையலறை ஜன்னலில்
மூன்றாம் கம்பிக்கும் நான்காம் கம்பிக்கும் நடுவே
மணலி ஆலையின் தீ.
குடிவந்த நாளிலிருந்து அங்கேதான் எரிகிறது.
காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
ஜன்னலைச் சாத்துவோம், அவ்வளவுதான்.

இன்றைக்குக் குக்கர் இரண்டு விசில் விடும் வரை
தலையை அசைக்காமல் நின்று பார்த்தேன்.

நகரவில்லை.