நூற்றுப் பதினேழாம் பக்கம்

முந்நூறு பிரதி.
ஈப்போவில் அச்சு. என் போனஸும்
தங்கச்சியிடம் வாங்கிய எண்ணூறு வெள்ளியும் போச்சு.
மைவி காரின் பின்பெட்டியில்
ஸ்பேர் டயருக்கு மேல் அடுக்கி
மழைக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறேன்.
பதிப்பாளர் நான். விநியோகம் நான்.
திட்டு வாங்கும் இலாகாவும் நானேதான்.

பகலில் சுங்கை மெராந்தி செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி.
லோரி ஏறும், எண் துடித்து நிற்கும்.
ஈரக் குலைக்கு மூன்று விழுக்காடு,
நீளக் காம்புக்கு ஒன்று,
காயாய் வந்ததற்கு இன்னும் கொஞ்சம் என்று
கழித்து எழுதிப் பழகிய கை.
அதே கையால் நாவலையும் கழித்தேன்.

வில்லனுக்கு முதலில் மீசை இருந்தது.
கோவில் தலைவர் வீரபத்திரனுக்கும் இருக்கிறது.
மழித்தேன்.
மழித்ததும் ஸ்டோர் கிராணி ஜெயசீலன் ஆகிவிட்டான்.
கண்ணாடி மாட்டினேன்: தமிழ்ப்பள்ளி வாத்தியார்.
கழற்றிவிட்டு நொண்ட வைத்தேன்:
வட்டிக்கு விடும் மாணிக்கராஜ்,
என் அண்ணன் அவரிடம் இன்னும் கட்டி முடிக்கவில்லை.
கடைசியில் வில்லனையே
ஜொகூருக்கு மாற்றல் போட்டு அனுப்பிவிட்டேன்.
பதினோராம் அத்தியாயத்திலிருந்து
கெட்டதெல்லாம் தானாகவே நடக்கிறது.

சாதிப் பெயர் மூன்று இடத்தில் இருந்தது.
சம்பந்தம் முறிந்ததற்கு இப்போது
ஜாதகம்தான் காரணம்.
கள்ளுக்கடை கோப்பிக்கடையானது.
ஒருத்தன் கோப்பி குடித்துவிட்டு வந்து
பெண்டாட்டியை அடிக்கிறான்.

பாலர் பள்ளி மண்டபத்தில் வெளியீடு.
மேனேஜர் பத்துப் பிரதி வாங்கினார்.
வீரபத்திரன் மீசையைத் தடவிக்கொண்டு
'யார் மனசும் நோகாம எழுதியிருக்கு தங்கச்சி' என்றார்.
கேசரி பத்தவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, பசார் மாலாமில்
என் மடக்கு மேசைக்குப் பூங்காவனம் வந்தாள்.
பதினெட்டு வருஷமாய் மருந்தடிக்கிறாள்.
விரல் வைத்து எழுத்தெழுத்தாய்ப் படிப்பவள்.
வைக்கும் விரலில் நகம் இல்லை.

அந்த நகம் என் கைப்பிரதியில் இருந்தது.
நூற்றுப் பதினேழாம் பக்கம்.
உதிர்ந்து, மருந்து டின்னின் அடியில் கிடந்தது.
மேனேஜரின் பத்துப் பிரதிக்காக எடுத்தேன்.
அவளுக்கு அது தெரியாது.

மூன்று ராத்திரி ஆச்சாம் முடிக்க.
'எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க' என்றாள்.
'இது எந்த ஊரு?'

கோபமில்லை.
பஸ் எங்கே நிற்கும் என்பதுபோல்
மெய்யாகவே கேட்டாள்.
கற்பனை என்றேன்.
தலையை ஆட்டிவிட்டு
அவித்த சோளம் வாங்கப் போய்விட்டாள்.

எழுதும் முன்பே ஒரு பட்டியல் போட்டிருந்தேன்,
யார் யாருக்கு நோகும் என்று.
இருபத்துமூன்று பேர்.
அவள் பெயர் அதில் இல்லை.

மீதி நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
ராத்திரி குசினி மேசையில்
ஒவ்வொன்றாய்ப் பிரித்து
அந்தப் பக்கத்து ஓரத்தில்
நீல மையால் ஒரு வரி எழுதுகிறேன்.
நாற்பதாவதில் கை வலித்து எழுத்து கோணியது.
விற்றுப்போனதற்கு என்ன செய்ய?
பங்களா நாய்க்கு என்னைத் தெரியும், குரைக்காது.

பூங்காவனத்திடம்தான்
இன்னும் கேட்கவில்லை,
அதை எழுதலாமா என்று.