ஐந்து பேரின் கோட்டு

குழாய் உறைந்து வெடித்த இரவு
பேஸ்மென்டில் கணுக்கால் அளவு தண்ணீர்.
ஒவ்வொன்றாகத் தூக்கிப் படியில் வைத்தேன்:
பிள்ளைகளின் ஸ்கேட் சப்பாத்து,
யாரும் பார்க்காத கலியாண வீடியோக்கள்,
கடைசியாக அந்த நீலச் சூட்கேஸ்.
பூட்டு துருவேறி இறுகியிருந்தது. நெம்பினேன்.

போர்வைக்குள் சுருண்டு கிடந்தது கோட்டு.

மொன்றியல், எண்பத்தேழு மார்கழி.
ஒரு அறை. ஐந்து பேர். ஒரு கோட்டு.
பழைய உடுப்புக் கடையில் பதினெட்டு டொலர்.
எந்தப் பெருத்த வெள்ளைக்காரனுக்குத் தைத்ததோ,
எங்களில் யார் போட்டாலும்
கோட்டு தனியே நடந்து போவதுபோல் இருக்கும்.
இரவு கோப்பை கழுவிவிட்டு வருகிறவன் கழற்ற,
காலையில் ஹோட்டல் கூட்டப் போகிறவன்
சூடு ஆறுமுன் மாட்டிக்கொள்வான்.
முறை எழுதி வைத்தது பேரின்பநாயகம்.
அவனுக்குத்தான் எழுத்து வடிவு.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை
கோட்டைக் காணவில்லை.
முறை அவனுடையது.
"கதவுக்குப் பின்னால ஆணியில கொழுவினனான்" என்றான்.
"வித்துக் குடிச்சிட்டாய்" என்றான் தவநேசன்.
மற்ற இருவரும் சிரித்தார்கள்.
நான் அடுப்பில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.
அடிப்பிடிக்காத பருப்பை.

மாசி முடியுமுன்
ஒரு காலுறைக்குள் கட்டிக்கொண்டு வந்து
மேசையில் கொட்டினான்.
கால் டொலர் குத்திகள், எழுபத்திரண்டு.
தன் பங்கையும் கழிக்கவில்லை.
நாங்கள் எண்ணினோம்.
அவனுக்கு முன்னாலேயே எண்ணினோம்.
பிறகு பஸ் ஏறி மேற்கே போய்விட்டான்.

என் பெட்டிக்குள் எப்படி வந்தது?
அந்தக் கிழமை எனக்குக் காய்ச்சல்.
கைக்கு அகப்பட்டதையெல்லாம் போர்த்தியிருப்பேன்,
போர்வையோடு சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே
தள்ளியிருப்பேன்.
அப்படித்தான் இருக்கவேண்டும்.
பெட்டியைத் திறக்காமலே ரொறன்ரோ கொண்டுவந்தேன்.
முப்பத்தாறு வருடம், மூன்று வீடு,
ஒருநாளும் திறக்கவில்லை.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

பையில் உடுப்புத் தோய்க்கும் கடை வில்லை ஒன்று,
காய்ந்து கறுத்த தோடம்பழத் தோல்,
நாலாய் மடித்த கொப்பித் தாள்.
வியாழன்: பேரின்பம்.
ஈரத்தில் மை இப்போதுதான் கரைகிறது.

"நனைஞ்சு நாறுது, எறியுங்கோ"
மேலேயிருந்து வசந்தமலர்.
அவளுடைய தலைமயிர் காயவைக்கும் மெஷினால்
முதலில் தாளைக் காயவைத்தேன். பிறகு கழுத்துப்பட்டியை.
போட்டுப் பார்த்தேன்.
இப்போது எனக்கு அளவாக இருக்கிறது.

போன வருடம் யாரோ ஒரு அம்மாவின் மரண அறிவித்தல்.
அடியில், தொடர்புகளுக்கு:
பேரின்பநாயகம், மருமகன், வன்கூவர்.
செத்தவரை எனக்குத் தெரியாது.
ஆனாலும் நம்பரைப் போனில் போட்டு வைத்தேன்.

மணி இரண்டு.
தண்ணீர் இறைக்க வருகிறவன் விடியத்தான் வருவானாம்.
கோட்டோடு படியில் இருக்கிறேன்,
கையில் போன்.
அங்கே பதினொன்றுதான் ஆகியிருக்கும்,
படுத்திருக்க மாட்டான்.
வன்கூவரில் இன்னும் நேற்று.