ஓநாய் இருக்கும் இடம்

முப்பத்தொரு வருஷம் பிறர் வாய்க்குப் பல் செய்தேன்.
இவெர்தோனில், ரயில்பாதைக்குப் பின்னால்,
ஒரு கீழ்த்தளத்தில்.
மெழுகு, பீங்கான், அரம்.
யார் முகத்தையும் பார்த்ததில்லை.
தாடைகள் மட்டும் வரும்
சுண்ண அச்சில், எண் எழுதி.

கடைசி நாள் ஒரு பூச்செடியும்
மலை ரயிலுக்கு ஒரு பயணச்சீட்டும் கொடுத்தார்கள்.
செடி கார்த்திகைக்குள் பட்டுப்போனது.
சீட்டு அலமாரியில் இருக்கிறது.
கைகள்தான் சும்மா இருக்கமாட்டோம் என்றன.
தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பை
நகத்தால் தேய்த்தபடி இருந்தேன்.
"அதில என்ன பல்லா முளைக்கப்போகுது?" என்றார் இவர்.

செல்லோ செய்யப் போகிறேன் என்றபோது
வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், எல்லோரும்.
தெரியாது.
நான் செய்த பல் ஒன்றாலும்
நான் முறுக்குக் கடித்ததில்லையே.

பட்டறைக்காரி அலீன் ரொஷா
என் மகளைவிட இரண்டு வயது இளையவள்.
"மதாம், நீங்கள் அளவுக்கு மீறிச் சரியாகச் செய்கிறீர்கள்"
என்றாள் முதல் மாதமே.
மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று
வாய்க்குள் மலை.
மரத்தில் அது ஒரு மழைக்கு மாறிவிடும்.

ரிசூக் காட்டு ஸ்ப்ரூஸ்,
தேய்பிறையில் வெட்டியது என்றாள், பெருமையாக.
எங்கள் ஊரிலும் வளைமரத்துக்கு அப்படித்தான், உளுக்காது என்றேன்.
குறித்துக்கொண்டாள்.
பிறகு பலகையைக் காதருகே தூக்கி
முட்டியால் தட்டினாள்.
எங்கே மந்தமோ அங்கே சுரண்டு.
சுரண்டினேன், ஒரு பனிக்காலம் முழுக்க.

இரண்டாம் பனிக்காலத்தில்
சூட்டிரும்பில் மேப்பிள் பட்டியை வளைக்கையில்
சடக்கென்றது.
பிரெஞ்சில் திட்ட வரவில்லை. தமிழில் வந்தது.
அடுத்த வாரம் அலீனின் உளி நழுவியபோது
அதே சொல்லை
ழகரம் பிசகாமல் சொன்னாள்.

பல்லுக்குப் பாலம் கட்டிய கை
கம்பிக்குக் குதிரை செதுக்கியது.
பிரெஞ்சிலும் அது சின்னக் குதிரைதான்.
ஐந்து குதிரைகள் நொண்டின.
ஆறாவது நின்றது.

ஆனால் அதற்கு முன்னால் அந்தக் குச்சி.
முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே
பசையில்லாமல் நிற்க வேண்டிய குச்சி.
ஆன்மா என்கிறார்கள் அதை, இங்கே.
வளைந்த கம்பியில் குத்தி
ஓட்டை வழியே, இருட்டுக்குள் நிறுத்த வேண்டும்.
பதினொரு தரம் விழுந்தது.
பதினொரு தரமும் செல்லோவைக் கவிழ்த்துக் குலுக்கி
ஆன்மாவை வெளியே எடுத்தேன்.
"பசி வந்தால் விட்டுவிடுங்கள், மதாம்."

அப்புறம் இழுப்பறையிலிருந்து ஒன்றை நீட்டினாள்.
நீளக் காம்பு,
முனையில் காசளவு கண்ணாடி.
பல் வைத்தியர் கண்ணாடி.
என் கைக்கு வராதது அது.
மாடியில் வெள்ளைச் சட்டைக்காரர்களிடம்தான் இருக்கும்.
முப்பத்தொரு வருஷம் கழித்து
ஒரு வாயின் உள்ளே பார்க்கிறேன்:
பசையின் துளி, கொஞ்சம் தூசு, சாய்ந்து நிற்கும் குச்சி,
பென்சிலில் நானே எழுதி
மறந்துபோன எண்.

கம்பி பூட்டி அலீன்தான் முதலில் வாசித்தாள்.
தடித்த கம்பியில் விரல் மேலேறிப் போகையில்
ஓரிடத்தில் உறுமியது.
இன்னொரு தரம். உறுமியது.
"ஓநாய்" என்றாள்.
உடம்பு நன்றாயுள்ள செல்லோவில்தான் வருமாம்.
கொல்ல முடியாதாம். குதிரைக்குப் பின்னால்
கம்பியில் ஒரு பித்தளைக் குழாய் மாட்டினால்
அடங்குமாம்.
"மாட்டட்டுமா?"

இடிக்கிறது, இடிக்கிறது என்று
திரும்பி வந்த பல் எத்தனை.
வந்ததையெல்லாம் அராவி அனுப்பியவள்தான் நான்.

பித்தளையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இரவு, இவர் தூங்கிய பிறகு,
வில்லைக் கரண்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு
அந்த இடத்தைத் தேடினேன்.
கீச். கீச். ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம் மேலே.
மேல்வீட்டு மதாம் ஷாப்புயி
தரையை இரண்டு தரம் தட்டினாள்.

அதுதான் போல.