பதினாறு டால்டன்

நாலு டன் லாரியை எடை போட்டு
கூரைமேல் காக்கை உட்கார்ந்திருந்ததா
என்று சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான் என் வேலை.

லாரி என்பது ஒரு புரதம்.
கவட்டைக் கம்புபோல் இரு கை விரித்தது.
பெயர் வைக்கப்படாத ஒரு வெள்ளெலியின்
சூலகத்திலிருந்து எப்போதோ எடுத்த செல்கள்
இன்னும் சாக மறந்து
எஃகுத் தொட்டிக்குள் சமைத்துத் தள்ளுகிற மருந்து.
காக்கை என்பது ஓர் ஆக்சிஜன் அணு.

கார்க் துறைமுகத்தில் வெள்ளிக்கிழமை இரவு.
முதலில் குழாயில் ஓட்டினேன்.
கண்ணுக்குத் தெரியாத மணிகள் நிரப்பிய குழாய்;
பருத்தவை நேராக வந்துவிடும்.
சின்னவை மணிக்கு மணி துளை கண்டு
நுழைந்து, நின்று, வேடிக்கை பார்த்து
பள்ளி விட்ட பிள்ளைகளாய்க் கடைசியில் வரும்.
ஒட்டிக் கட்டியானவை நூற்றுக்கு அரைகூட இல்லை.
சர்க்கரைக் கிளைகள் அதனதன் இடத்தில்.
பழுதில்லை என்றது கோடு.

ப்ரீட் வளர்க்கும் செல்கள் ஒப்புக்கொள்ளவில்லை.
தொண்ணூற்றாறு குழிகள். மூன்று நாள்.
நூறு வேலை செய்ய வேண்டிய மருந்து
எழுபத்தொன்று செய்திருந்தது.
எண்பதுக்குக் கீழே என்றால்
வாசல் திறக்காது.

பிறகு நிறைமானி.
உயர்ந்த உச்சியின் பக்கத்தில்
பசுவை உரசிக்கொண்டு நிற்கும் கன்றாக
இன்னோர் உச்சி.
இடைவெளி பதினாறு.
நொதி ஊற்றித் துண்டுதுண்டாக வெட்டித் தேடினேன்:
கனச் சங்கிலி, நூற்றிமூன்றாம் இடம்,
நோயைத் தொட வேண்டிய விரல்நுனியில்
ஒரு மெத்தியோனின்.
அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

ஃபியக்ரா தொலைபேசியில்:
"லாரி வாசலில் நிற்கிறது, டெர்வ்லா.
இன்னொரு தடவை ஓட்டிப் பாரேன்."
நல்ல எண் வரும்வரை ஓட்டுவதற்குச்
சோதனை என்று பேரில்லை, ஃபியக்ரா.
காரணம் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

மாதிரியின் கால்தடத்தைப் பின்னோக்கி நடந்தேன்.
குளிர்பெட்டி, வாளியில் பனிக்கட்டி, கையெழுத்து,
நேரம், கையெழுத்து, நேரம்.
செவ்வாய் ஆறு நாற்பதுக்கு எடுத்தவர் பெயர் இருக்கிறது.
ஒன்பது மணிக்குத் திரும்ப வைத்தவர் பெயரும்.
நடுவில் இரண்டு மணி இருபது நிமிடம்
ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

இரண்டு கையெழுத்தும் என்னுடையதுதான்.

ஜூன் மாதத்தில் இங்கே சூரியன்
பத்து மணிவரை வீட்டுக்குப் போகாது.
அன்று கோவ் கரையிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது,
மேல்தளத்தில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள்,
சிவப்புத் துணி.
அத்தனை பெரிய கப்பலில் அந்த ஒன்று.
பார்க்க வேண்டும்போல் இருந்தது.
குப்பித் தட்டை மேற்கு ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
பிறகு யாரோ கூப்பிட்டார்கள், போனேன்.

தொட்டியில் இருக்கும் மருந்துக்கு
இது எதுவும் தெரியாது.
அது நன்றாகத்தான் இருக்கும்.
இருக்கும் என்று எழுத எனக்கு அனுமதி இல்லை.

படிவத்தில் எழுதினேன்:
காரணம், ஆய்வாளர் கப்பல் பார்த்தார்.
தர உறுதிப் பிரிவின் நூலா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடித்துவிட்டாள்.
'மாதிரி வெளிச்சத்தில் இருந்தது' என்று மாற்றினாள்.
அதுவும் உண்மைதான், கொஞ்சம் குறைவாக.

கிடங்கிலிருந்து முத்திரை உடையாத குப்பி
பழுப்புக் கண்ணாடியில் வந்தது.
கையை ஏனோ இரண்டு முறை கழுவினேன்.
நிறைமானி விடிவதற்குள் சொல்லிவிடும்.
செல்கள் திங்கள்கிழமைதான் சொல்லும்,
ஃபியக்ராவின் அவசரம் அவற்றுக்குக் கிடையாது.
லாரி மழையில் திரும்பிப் போனது.
கூரையை எட்டிப் பார்த்தேன், இருட்டு.

"தடுப்பு நடவடிக்கை?" என்றாள் நூலா.
மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரை, என்றேன்.
எழுதிக்கொண்டாள்.
"கப்பலுக்கு?"
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்து
பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்,
தேதியும்.