மீனாட்சிபுரம், இரவு ஷிப்ட்

பொள்ளாச்சிப் பக்கமிருந்து பால் டேங்கர் வந்து நிற்கும்.
குழாயில் ஐந்து மில்லி எடுப்பேன்,
அயோடின் ஒரு சொட்டு.
நீலமானால் மாவு கலந்திருக்கிறது,
வண்டி திரும்ப வேண்டியதுதான்.
டிரைவர் மலையாளத்தில் கெஞ்சுவார், தமிழில் திட்டுவார்.
சொட்டுக்கு இரண்டும் தெரியாது.

ஒரே கரு, இரண்டாய்ப் பிளந்தது என்றார்கள்.
நான் அம்சவேணி, அவள் கிருஷ்ணவேணி.
முழுப்பெயர் சொல்ல வீட்டில் யாருக்கும் பொறுமையில்லை.
வேணி என்றால்
இரண்டு தலையும் திரும்பும்.

பத்தொன்பது வயதில், வேலந்தாவளம் பஸ்ஸில்,
யாரும் கூப்பிடாதபோது
ஒரு தலை மட்டும் திரும்பியது.

அப்பா வழியா, அம்மா வழியா என்று
இரண்டு குடும்பமும் ஏழு வருஷம் முகம் பார்க்கவில்லை.
எங்கள் வரப்புத் தகராறுக்கே
சித்தூர் கோர்ட்டில் அதைவிடச் சீக்கிரம் தீர்ப்பு வந்தது.

கோயம்புத்தூர் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்னால்
கட்டம் கட்டமாகப் போட்டார்.
ஒரு ஜீன் இல்லைம்மா, நூற்றுக்கணக்கில்,
ஒவ்வொன்றும் துளியூண்டு.
அப்ப எனக்கு?
பேனாவை மூடினார்.
பாதிக்கும் குறைவுதான். அதுவும்
உங்களுக்கு முப்பத்தாறு ஆயிடுச்சே.

ஆராய்ச்சிக்கென்று ரத்தம் எடுத்துக்கொண்டார்கள்.
அவள் கையிலும் என் கையிலும்
ஒரே இடத்தில் ஒளிந்துகொண்ட நரம்பு.
படிவத்தின் கடைசி வரி:
முடிவுகள் தனிநபருக்குத் தெரிவிக்கப்படமாட்டாது.
நான் இப்படி எழுதிக் கொடுத்தால்
பால்காரர்கள் மேசையைக் கவிழ்த்துவிடுவார்கள்.

அவளுக்குக் கேட்கும் குரல்கள் மலையாளம் பேசுகின்றனவாம்,
நாலாம் வகுப்பு டீச்சர் போல, பிழையே இல்லாமல்.
மாத்திரை போட்டால் பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்கு.
நேற்று இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்:
உனக்கு ஒண்ணுமே கேக்கலையா?
பாவம்டி நீ.

மணி இரண்டு. கணவாய்க் காற்று
தகரக் கூரையை நகம் வைத்துக் கிளப்பிப் பார்க்கிறது.
வரிசையில் பதினோரு டேங்கர்.
வெளியே யாரோ
வேணி என்கிறார்கள்.

பெயரைக் கேட்டு உடனே திரும்பும் பழக்கம்
எனக்குப் போய்ப் பல வருஷமாயிற்று.
முதலில் பார்ப்பது
பக்கத்திலிருப்பவரின் கழுத்தை.
அது திரும்பினால் நானும்.

வாட்ச்மேன் அச்சுதன்
காற்றுக்குக் கை மறைத்துக் குனிந்து
பீடி பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்.